உத்திரத்தின் பலத்தை அறிவது எப்படி?

உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் மர உத்திரங்கள் தாங்கி நிற்கும் பழைய வீடுகள் இன்னும் உள்ளன. அத்தகைய வீட்டில் உத்திரத்தின் கீழேதான் தறி ஓடுகிறது. பரண்மீது நெல் மூட்டையும் நூல் சிப்பமும் ஏறுகின்றன. உத்திரம் முறிந்தால் நஷ்டம் தறியோடு நில்லாது. ஆதலின் அதன் பலத்தை அறிவது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

தேக்கு என்னும் பெயர் மட்டும் போதாது. 1906-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம், தேக்கின் பலத்தை 100 எனக் கொண்டு பிற மரங்களை ஒப்பிட்டுள்ளது. ஆனால் அச்சோதனைகள் கணுவும் வெடிப்பும் இல்லாத சிறு துண்டுகளில் செய்யப்பெற்றவை. நம் வீட்டு உத்திரமோ குறைகளோடு கூடியது.

பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேற்புறம் நெருக்குண்ணும், அடிப்புறம் இழுபடும். எனவே நடுப்பகுதியின் அடிப்புறத்தில் உள்ள பெருங்கணு அபாயகரமானது. ரேகை நீளவாக்கில் ஓடாது சாய்ந்து ஓடினாலும் பலம் குறையும். தேக்கில் வைரம் உட்புறத்தே உள்ளது. பனையிலோ வெளிப்புறத்தே உள்ளது. ஆகவே பனங்கட்டையின் வெளிப்புறத்தை அழகுக்காகச் செதுக்கி மெலியச் செய்தல் கூடாது.

மரத்தை வைக்கும் முறையும் முக்கியமானது. அகலத்தை உயரத்தால் இருமுறை பெருக்கினால் பலத்தின் அளவு விளங்கும். 3 அங்குலமும் 6 அங்குலமும் உள்ள கட்டையை நிறுத்தி வைத்தால் 108. படுக்க வைத்தால் 54. ஒரே மரம், பாதிப் பலம்! பாரம் மாறாமல் இடைவெளி மட்டும் இரு மடங்கானால், தொய்வு எட்டு மடங்காகும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஸ்ரீரங்கத்தில் ஈரத்தை மறத்தலாகாது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீடித்தால் காளான் பற்றி உளுக்கத் தொடங்கும். சுவருக்குள் புதைந்த முனையே முதலில் கெடுவது வழக்கம். நடுப்பகுதியோ பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். அம்முனையருகே சுத்தியால் தட்டுக. கணீரென்று ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் குத்தூசியால் குத்திப் பார்க்க. ஊசி எளிதில் இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டதென அறிக. பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துத் தொய்வை அளந்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்க.

தொய்வு மிகுந்திருந்தால் பரணை இறக்கி, நடுவே முட்டுக் கொடுத்து, அனுபவமுள்ள தச்சரையும் பொறியாளரையும் அழைப்பதே விவேகம். உத்திரத்தில் ஜக்கார்டுப் பெட்டி மாட்ட எண்ணுவோர் இச்சோதனையை முதலில் செய்க. ஒரு முட்டுக்கால் சிறு செலவு. அதன் கீழ் அமர்ந்து நெய்பவரின் உயிரோ விலைமதிப்பற்றது.