பழைய வால்வுப் பெருக்கிக்குக் கிதாரின் குரல்

கொல்கத்தாவின் சாந்தினி சௌக் சந்தையில் மின்பொருள் கடைகள் நெருங்கி நிற்கும் சந்து ஒன்றில், சென்ற குளிர்காலத்தில் நாங்கள் ஓர் இரும்புப் பெட்டியை வாங்கினோம். அதன் சாம்பல் நிறப் பூச்சு உரிந்திருந்தது. பெயர்த்தகடு கழன்று போயிருந்தது. முன்புறத்தில் மூன்று குமிழ்களும் பின்புறத்தில் மைக் செருகுவதற்கான இரு துளைகளும் இருந்தன. மேல்மூடியைக் கழற்றியபோது இரண்டு கனத்த மின்மாற்றிகளும் ஐந்து கண்ணாடி வால்வுகளும் தூசுக்குள் தென்பட்டன. பூசைப் பந்தல்களிலும் பள்ளி விழாக்களிலும் ஒலித்துவந்த ஆம்ப்ளிஃபயர் அது என்றார் கடைக்காரர். எடைக்குப் போகவிருந்த அந்தப் பெருக்கியைக் கிதார் வாசிப்பதற்கு உரியதாக மாற்றுவதே எங்கள் நோக்கம்.

ஆயினும் நாங்கள் முதலில் மாற்ற எண்ணியது அதனை அன்று. எங்கள் இருவருள் ஒருவர் கிதார் வாசிப்பவர். மற்றவர் மின்னணுப் பழுதுபார்ப்பில் பழகியவர். கிதார் வாசிப்பவரின் வீட்டில், காலஞ்சென்ற அவருடைய தந்தையாரின் வால்வு வானொலிப் பெட்டி ஒன்று பேச்சற்றுக் கிடந்தது. அப்பா காதுகொடுத்த பெட்டியிலிருந்து தமது கிதாரின் ஒலி எழவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அந்த ஆசை ஏன் கைவிடப்பட்டது என்பதையும், அதன் பின்னர் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். பரணில் பழைய வானொலியோ பெருக்கியோ வைத்திருக்கும் வாசகர்களுக்கு இது பயன்படக்கூடும்.

வானொலிக் கடையில் பிறந்த கருவி

கிதார்ப் பெருக்கியும் வானொலிப் பெட்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மின்கிதார் உலகில் பெரும்பெயர் பெற்ற லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். வானொலிகளில் பயன்பட்ட வால்வுகளையும் மின்சுற்றுகளையும் கொண்டே தொடக்ககாலக் கிதார்ப் பெருக்கிகள் உருவாயின. 1960களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் பெருக்கி, ஃபெண்டரின் 'பாஸ்மேன்' என்னும் பெருக்கியின் சுற்றைப் பின்பற்றியது. பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்திய வாக்ஸ் ஏ.சி. 30 பெருக்கியில் ஈ.எல். 84 என்னும் வால்வுகள் நான்கு உள்ளன. அதே ஈ.எல். 84 வால்வுதான் வரவேற்பறைகளில் வைக்கப்பட்ட வானொலிகளிலும் ரேடியோகிராம் பெட்டிகளிலும் பாடியது.

இந்தியாவிலும் இவ்வால்வுகள் அரிய பொருள்களாக இருக்கவில்லை. 1954ஆம் ஆண்டு பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலிக்குரிய வால்வுகளைத் தயாரித்தது. டெல்லியின் அஹுஜா போன்ற நிறுவனங்கள் பொதுக்கூட்டங்களுக்கான பெருக்கிகளைச் செய்தன. டிரான்சிஸ்டர் வந்த பின்னர் இவை ஒவ்வொன்றாகப் பரணுக்கும் பழைய பொருள் சந்தைக்கும் சென்றன.

இன்றைய கிதார்க் கலைஞர்கள் இவற்றைத் தேடுவதற்குக் காரணம் பழைமைமீது கொண்ட பற்று மட்டுமன்று. வால்வினைத் தன் ஆற்றலின் எல்லைக்கு மேல் இயக்கினால், ஒலியலையின் முகடு சட்டென வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. அதனால் மூல ஒலியோடு புதிய இசைவொலிகள் சேர்ந்து, தந்தியின் குரல் தடித்து நீள்கிறது. மெதுவாக மீட்டினால் தெளிவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் கிடைக்கின்றன. பாட்டைப் பழுதின்றி ஒலிக்கச் செய்யவேண்டிய கருவியில் இது குறை. கிதாரில் இதுவே நிறை.

எதனை மாற்றலாம், எதனைத் தொடக்கூடாது

அப்பாவின் வானொலியைத் திறந்து பார்த்த அன்றே எங்கள் திட்டம் நின்றது. அதில் மின்மாற்றியே இல்லை. வால்வுகளின்மீது யூ.சி.எல். 82, யூ.ஒய். 85 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஐரோப்பிய முறையில் வால்வின் பெயரில் உள்ள முதலெழுத்து, அதன் இழை எவ்வாறு சூடேற்றப்படுகிறது என்பதைக் குறிக்கும். 'ஈ' எனத் தொடங்குபவை 6.3 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குபவை. 'யூ' எனத் தொடங்குபவற்றின் இழைகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, வீட்டு மின்சாரத்திலிருந்து நேரடியாகச் சூடேறுபவை.

இத்தகைய பெட்டிகள் தோன்றியதற்குக் காரணம் உண்டு. கொல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் ஒரு காலத்தில் வீடுகளுக்கு நேர்மின்னோட்டம் வழங்கப்பட்டது. நேர்மின்னோட்டத்தில் மின்மாற்றி இயங்காது. ஆகவே இருவகை மின்சாரத்திலும் இயங்கும் வண்ணம் மின்மாற்றி இல்லாத வானொலிகள் செய்யப்பட்டன. அவற்றின் உள்ளிருக்கும் உலோகச் சட்டகம் மின்கம்பியின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டகம் முழுவதிலும் 230 வோல்ட் பாயும். மரப்பெட்டியும் பேக்லைட் குமிழ்களும் பின்மூடியும் மட்டுமே கேட்பவரைக் காத்தன.

அந்தச் சட்டகத்தில் கிதாரைச் செருகினால் என்ன நேரும்? கிதாரின் தந்திகள், மின்கம்பியின் மேலுறை வழியாகப் பெருக்கியின் சட்டகத்தோடு இணைந்திருப்பவை. வாசிப்பவர் தந்தியைத் தொடும்போது வீட்டு மின்சாரத்தையே தொடுகிறார். மின்மாற்றி இல்லாத பெட்டியைக் கிதாருக்காக மாற்றக்கூடாது என்பதில் விதிவிலக்கு இல்லை. முதலெழுத்து ஒரு குறிப்பு மட்டுமே. மின்சாரத்திலிருந்து சட்டகத்தை முழுமையாகப் பிரிக்கும் மின்மாற்றி உள்ளதா என்பதைத் தேர்ந்த தொழில்நுட்பரைக் கொண்டு அளந்தறிதல் வேண்டும்.

நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இது வானொலியாகவே இருக்கட்டும்" என்றார். அதன் பிறகே நாங்கள் சாந்தினி சந்தைக்குச் சென்றோம்.

மாற்றத்திற்கு மிகவும் ஏற்றது பொதுக்கூட்டப் பெருக்கி என்பது எங்கள் அனுபவம். அதில் மின்மாற்றி உண்டு. மைக்கின் மெல்லிய குறிப்பலையைப் பெருக்குவதற்கென்றே அமைந்திருப்பதால், கிதாருக்கு வேண்டிய பெருக்கமும் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ரேடியோகிராமின் பெருக்கியோ இசைத்தட்டின் வலுவான குறிப்பலைக்காகச் செய்யப்பட்டது. கிதாருக்கு அதில் இன்னொரு பெருக்க நிலையைச் சேர்க்க வேண்டியிருக்கும். மேலும், அழகிய மரப்பெட்டியோடு முழுமையாக உள்ள வானொலியையோ ரேடியோகிராமையோ பிரித்துப் போடுவதைவிட அதனைப் பழுதுநீக்கிப் பேணுவதே முறை. எங்களிடம் வந்த இரும்புப் பெட்டியில் அத்தகைய தயக்கத்திற்கு இடமில்லை. ஈ.எல். 84 இரண்டு, ஈ.சி.சி. 83 இரண்டு, மின்னோட்டத்தை நேராக்கும் ஈ.இஸட். 81 ஒன்று என அதன் வால்வுகள் அனைத்தும் 'ஈ' குடும்பத்தவை.

விளக்கு சொன்ன சேதி

பல்லாண்டுகள் உறங்கிய பெருக்கியை நேரே மின்சாரத்தில் செருகுவது பெரும்பிழை. நம் நாட்டின் பழைய வானொலி மெக்கானிக்குகள் 'சீரிஸ் விளக்கு' என்னும் எளிய காப்பினைக் கையாண்டனர். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெருக்கிக்குச் செல்லும் மின்பாதையின் நடுவே இணைப்பதே அம்முறை. உள்ளே பழுதில்லையெனில் பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கும். குறுக்கிணைப்பு இருந்தால் முழு ஒளியோடு எரிந்துகொண்டேயிருக்கும், பெருக்கியோ தப்பிக்கும். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது.

எங்கள் பல்பு மங்கவேயில்லை. மின்வழங்கியிலிருந்த பெரிய மின்தேக்கி உலர்ந்து குறுக்கிணைந்திருந்தது. 450 வோல்ட் தாங்கும் புதியதைப் பொருத்தினோம். அடுத்தமுறை பல்பு மங்கிற்று. வால்வுகளில் செம்மஞ்சள் நிற இழையொளி தோன்றியது. மகிழ்ச்சி சில நிமிடங்களே நீடித்தது. ஈ.எல். 84 ஒன்றின் உள்தகடு செந்நிறமாகக் கனல்வதைக் கண்டு உடனே மின்சாரத்தைத் துண்டித்தோம். முந்தைய நிலையிலிருந்து குறிப்பலையைக் கடத்தும் பழைய காகித மின்தேக்கி கசிந்து, வால்வினை அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கச் செய்திருந்தது. பழைய காகித மின்தேக்கிகளையும் வேதிவகை மின்தேக்கிகளையும் சோதித்துக் காலங்கழிப்பதைவிட அனைத்தையும் மாற்றிவிடுவதே நன்று என்று அன்று தெளிந்தோம்.

ஓர் எச்சரிக்கை. இப்பெருக்கிகளின் உள்ளே 300 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். தக்க மின்தடை வழியாக அதனை வடித்து, மல்டிமீட்டரில் அளந்து உறுதிசெய்த பின்னரே கைவைக்க வேண்டும். பயிற்சியில்லாதவர்கள் மூடியைத் திறவாமல் தொழில்நுட்பரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

கிதாருக்கு ஏற்ப

பழுதுகள் நீங்கிய பின்னர், மாற்ற வேண்டியவை சிலவே. மைக் துளையின் இடத்தில் கிதார்க் கம்பிக்குரிய ஜாக்கைப் பொருத்தினோம். கிதாரின் பிக்கப்பிற்கு உயர்ந்த மின்தடையுள்ள நுழைவாயில் வேண்டும்; இல்லையேல் ஒலியின் கூர்மை குன்றும். ஆதலின் நுழைவாயிலில் 1 மெகா ஓம் மின்தடையை அமைத்தோம். இரண்டாம் மைக்கிற்கென இருந்த வால்வுப் பகுதி இனித் தேவையில்லை. அதனை முதல் நிலையின் பின்னே இணைத்து, நடுவில் கார்வைக்கும் கீச்சுக்கும் தனித்தனிக் குமிழ்கள் வைத்தோம்.

பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக, வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஒலியைச் சீராக்கும் எதிர்ப் பின்னூட்டம் பழைய சுற்றில் இருந்தது. அதனைக் குறைத்ததும் பெருக்கியின் குணமே மாறிற்று. அழுத்தி மீட்டியபோது நாங்கள் தேடிய கரகரப்பு முதன்முதலாக எழுந்தது.

பந்தல்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் கிதாருக்கு உதவாது. கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிப்பது. குழாய் ஸ்பீக்கரில் அது வலுவிழந்துவிடும். கிதாருக்கென்றே செய்யப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கரைப் பலகைப் பெட்டியில் பொருத்தினோம். பொதுக்கூட்டப் பெருக்கிகளில் நெடுந்தூரக் கம்பிக்கான 100 வோல்ட் முனை இருப்பதுண்டு. அதில் இந்த ஸ்பீக்கரை இணைக்கலாகாது; 4, 8, 16 ஓம் முனைகளுள் ஸ்பீக்கருக்குப் பொருந்துவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெருக்கியை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

சுவரில் இருந்த குறை

பெருக்கியின் பழைய மின்கம்பி இரண்டு முனைகள் மட்டுமே கொண்டது. அதனை நீக்கி, மூன்று முனைக் கம்பி பொருத்தி, தரையிணைப்பைச் சட்டகத்தோடு இறுகப் பிணைத்தோம்; தகுந்த ஃபியூஸும் வைத்தோம். பணி முடிந்தது என்றே எண்ணினோம்.

ஆயினும் முதல்முறை வாசிக்கும் முன்னர், வீட்டுச் சுவரிலுள்ள இணைப்பைச் சோதிக்க மின்பணியாளரை அழைத்தோம். மூன்று துளைகள் இருந்தன. தரையிணைப்புத் துளையின் பின்னே கம்பியே இல்லை. வீடு கட்டிய நாள்முதல் அது வெறுந்துளையாகவே இருந்திருக்கிறது. பெருக்கியின் உள்ளே நாங்கள் செய்த காப்பு அனைத்தும் அந்தச் சுவரின் முன்னே பயனற்றுப் போயிருக்கும். தரையிணைப்பைச் சீரமைத்து, மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்திய பின்னரே நண்பர் கிதாரைக் கையிலெடுத்தார். பழைய பெருக்கி இல்லாத இல்லங்களிலும் இச்சோதனை தேவை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

இம்முயற்சியில் இறங்க விரும்புவோர் முதலிலேயே ஒரு திட்டக் கணக்கு எழுதிக்கொள்வது நல்லது. எங்கள் செலவில் மிகச் சிறிய பகுதியே பழைய பெருக்கியின் விலை. ஸ்பீக்கருக்கும் பலகைப் பெட்டிக்கும் அதனினும் மிகுதியாயிற்று. வாங்கும்போது வால்வுகளைக் காட்டிலும் மின்மாற்றிகளையே கூர்ந்து நோக்க வேண்டும். ஈ.எல். 84, ஈ.சி.சி. 83 ஆகிய வால்வுகள் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன. கருகிய மின்மாற்றியை மீளச் சுற்றுவதோ செலவும் காலமும் கேட்பது. கருகல் மணம் வீசும் பெருக்கியை மலிவு என்பதற்காக வாங்கவேண்டாம்.

நீக்கிய உறுப்புகளை ஓர் உறையிலிட்டு, பழைய சுற்றின் வரைபடத்தையும் படங்களையும் உடன் வைத்திருக்கிறோம். பின்னாளில் யாரேனும் அதனைப் பழைய நிலைக்குக் கொணர விரும்பினால் வழி அடைபட்டிருக்கக் கூடாதன்றோ?

இரண்டு ஈ.எல். 84 வால்வுகள் தரும் ஆற்றல் சுமார் 15 வாட். எண்ணிக்கையில் சிறிதெனினும் ஒரு சிறு அரங்கை அது நிறைக்கும். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரின் இசைவு தேவைப்படும். எங்கள் முதல் வாசிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நிகழ்ந்தது.

அப்பாவின் வானொலியையும் நாங்கள் மறக்கவில்லை. மின்தேக்கிகள் மாற்றப்பட்டு, பின்மூடி இறுகப் பூட்டப்பட்டு, அது தன் மரப்பெட்டிக்குள்ளேயே மீண்டும் மத்திய அலையில் ஆகாசவாணியைப் பிடிக்கிறது. கிதார்ப் பெருக்கி அதே அறையின் மறுமூலையில் இருக்கிறது. செய்தி நேரத்தில் நண்பர் கிதாரை இறக்கி வைத்துவிட்டு வானொலியின் குமிழைத் திருப்புகிறார். அப்பா அமர்ந்து கேட்ட நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார்.