கடல் கடக்கும் பெட்டிகள் – 12: அடுத்து எந்தப் பெட்டி?

சென்ற வாரம் கரையோரம் நிற்கும் ராட்சதக் கிரேன்களைப் பார்த்தோம். அந்தக் கிரேனை இயக்குகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அடுத்து எந்தப் பெட்டியைத் தூக்குவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. கீழே வந்து நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரும், பெட்டியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதைத் தானாக முடிவு செய்வதில்லை. பெரிய டெர்மினல்களில் டிரெய்லர் கேபினிலும் யார்டு கிரேனிலும் ஒரு சிறிய திரை இருக்கும். அதில் கட்டளை வரும், வேலை நடக்கும். அந்தக் கட்டளைகளை அனுப்பும் மென்பொருளுக்கு டெர்மினல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். துறைமுகத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘டி.ஓ.எஸ்.’ என்பார்கள்.

அதன் வேலையைப் புரிந்துகொள்ள யார்டுக்குள் போக வேண்டும். கப்பலில் இருந்து இறங்கிய பெட்டிகளும் ஏறப்போகும் பெட்டிகளும் தங்கும் இடம் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஓர் எண் உண்டு. கடைசி இலக்கம், முன்னால் உள்ளவற்றைத் தவறாகப் பதிவு செய்தால் காட்டிக்கொடுப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம். அதுபோல யார்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது: எந்த பிளாக், எந்த பே, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது அடுக்கு. இந்த எண்ணையும் அந்த முகவரியையும் நொடி தவறாமல் பொருத்தி வைத்திருப்பது மென்பொருளின் முதல் கடமை. ஒரு பெட்டியின் முகவரி தவறிவிட்டால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அதை ஆட்களை விட்டுத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கடமை இதைவிடக் கடினமானது. வரும் பெட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். யார்டில் ஓடும் ரப்பர் டயர் கிரேன் பொதுவாக ஆறு வரிசை அகலத்துக்கு, ஐந்து பெட்டி உயரம்வரை அடுக்கும். அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ள நான்கையும் வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். பரணில் அடியில் வைத்த அண்டாவை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்கிவைக்கும் அதே பாடுதான். டெர்மினல்காரர்கள் இதை ‘ஷிஃப்டிங்’ என்கிறார்கள். டீசல் செலவாகிறது, கிரேனின் ஆயுள் குறைகிறது, லாரிக்காரர் காத்திருக்கிறார், ஆனால் சரக்கு ஓர் அடிகூட முன்னேறுவதில்லை. ஒரு டெர்மினல் எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதை அங்கே நடக்கும் ஷிஃப்டிங்கின் அளவை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதைக் குறைக்க மென்பொருள் பல விஷயங்களை ஒருசேரக் கணக்கிடுகிறது. கப்பலில் கனமான பெட்டி கீழே போக வேண்டும். தொலைதூரத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி, அதற்கு முன்னால் இறங்கும் பெட்டிக்கு அடியில் இருக்க வேண்டும். அப்படியானால் யார்டில் முதலில் ஏற வேண்டியது மேலே இருந்தால்தான் நல்லது. குளிரூட்டப்பட்ட பெட்டியை மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் வைக்க முடியும். தீப்பிடிக்கும் ரசாயனம் உள்ள பெட்டியைத் தள்ளி வைக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகம் முழுவதற்குமான விதி. அதற்கு முன் ஏட்டில் எழுதிய எடையை நம்பிக் கப்பலில் அடுக்கி, அதனால் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. இன்று அந்தச் சரிபார்த்த எடையும் மென்பொருளின் கணக்கில் சேர்கிறது.

மூன்றாவது கடமை, இயந்திரங்களை மேய்ப்பது. முன்பெல்லாம் ஒரு கரைக் கிரேனுக்கு ஐந்தாறு டிரெய்லர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த டிரெய்லர்கள் நாள் முழுவதும் அந்தக் கிரேனுக்கும் யார்டுக்கும் இடையே ஓடும். ஒரு வழி பாரத்தோடும் மறு வழி வெறுமையாகவும். பக்கத்துக் கிரேன் வண்டியில்லாமல் காத்திருந்தாலும் உதவிக்குப் போக முடியாது. இப்போது எல்லா வண்டிகளும் ஒரே தொகுப்பு. இறக்குமதிப் பெட்டியை யார்டில் விட்ட டிரெய்லருக்கு, திரும்பும் வழியிலேயே கப்பலில் ஏற்ற வேண்டிய இன்னொரு பெட்டியை மென்பொருள் தேடிக் கொடுக்கும். வெற்றுப் பயணம் குறைகிறது. குறைந்த வண்டிகளில் கூடுதல் வேலை முடிகிறது. எந்தக் கிரேன் எத்தனை மணி நேரம் ஓடியது, பெட்டியைப் பற்றும் ‘ஸ்ப்ரெடர்’ எத்தனை முறை தூக்கியது என்ற கணக்கும் கையில் இருப்பதால், பழுதாகும் முன்பே பராமரிப்புக்கு அனுப்ப முடிகிறது.

இந்த மென்பொருள் ஒரே நாளில் வந்ததல்ல. சிங்கப்பூர்த் துறைமுகம் ‘சிட்டோஸ்’ என்ற தன் சொந்த அமைப்பை 1988-இல் கொண்டுவந்தது. 1993-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்து டெல்டா டெர்மினலில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து ஓடத் தொடங்கின. அதற்கு முன்பு சுவரில் மாட்டிய பலகையும், பென்சிலும், பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் டாலி கிளார்க்குகளும், வாக்கி-டாக்கியும் செய்துவந்த வேலை இது. அந்த கிளார்க்குகளில் மூத்தவர்களுக்கு யார்டே மனப்பாடமாக இருந்தது. அவர்களுடைய நினைவாற்றல் இன்று ஒரு சர்வருக்குள் போயிருக்கிறது.

அந்த சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும்? ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் அதுதான் நடந்தது. கையாளும் சரக்கின் மொத்த எடையில் அந்நாட்டின் முதல் துறைமுகம் அது. ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் இருபது அடிப் பெட்டிகளுக்கு நிகரான சரக்கு அங்கே வந்துபோகிறது. டொயோட்டாவின் உதிரிபாகங்கள் வெளிநாடு போவதும் அந்த வழியாகத்தான். அங்குள்ள ஐந்து கன்டெய்னர் டெர்மினல்களும் ‘நட்ஸ்’ என்ற ஒரே மென்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023 ஜூலை 4 காலை ஆறரை மணிக்கு அது செயலிழந்தது. அலுவலக பிரிண்டரிலிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வெளியே வந்தது. ‘லாக்பிட்’ என்ற, பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் சர்வர்களின் தரவைப் பூட்டிவிட்டிருந்தது.

கிரேன்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மின்சாரம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கப்பல்களும் வந்துகொண்டிருந்தன. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் அதை எடுத்துப்போகலாம் என்று சொல்ல மட்டும் ஆளில்லை. டிரெய்லர்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் நின்றது. ஏற்றுமதிப் பாகங்களைக் கட்டும் வேலையை டொயோட்டா நிறுத்திவைத்தது. பணம் கொடுக்காமல், காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டார்கள். அந்தப் பிரதியிலும் வைரஸ் இருந்ததால் அதைச் சுத்தம் செய்ய மேலும் நேரம் பிடித்தது. ஜூலை 6 மாலைதான் ஐந்து டெர்மினல்களும் மீண்டும் இயங்கின. அதற்குள் 37 கப்பல்களில் சரக்கு ஏற்றியிறக்கும் அட்டவணை பாதிக்கப்பட்டது, சுமார் 20,000 பெட்டிகளின் போக்குவரத்தில் தடங்கல் ஏற்பட்டது.

அரசு அமைத்த குழு ஆராய்ந்தபோது, தொலைவிலிருந்து பராமரிப்பதற்காக வைத்திருந்த வி.பி.என். கருவி வழியாகத் திருடர்கள் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. வசதிக்காகத் திறந்து வைத்த சிறு கதவு அது.

மென்பொருளே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. இன்றைய கப்பல்களின் அளவுக்குப் பென்சிலும் பலகையும் தாங்காது. ஆனால் கிரேனின் கம்பிவடத்தைக் குறித்த நாளில் சோதிக்கும் டெர்மினல், மென்பொருளின் காப்புப் பிரதியையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். முதன்மை சர்வரோடு இணையாத தனி இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். யார்டின் நிலவரம் குறித்த இடைவெளியில் காகிதத்திலும் இருக்க வேண்டும். திரை அணைந்த பின்னும் அவசர மருந்துப் பெட்டியையாவது தேடி எடுத்துக்கொடுக்கத் தெரிந்த ஆட்களை ஆண்டுதோறும் பயிற்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும். இவற்றைச் செலவுக் கணக்கில் எழுதித் தள்ளிப்போடும் நிர்வாகம், துறைமுகத்தின் நினைவையே பணயம் வைக்கிறது.

ஜப்பான் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டது. மின்சாரம், விமானப் போக்குவரத்து, வங்கி ஆகியவை இருந்த முக்கிய உள்கட்டமைப்புப் பட்டியலில், 2024 மார்ச்சில் 15-ஆவது துறையாகத் துறைமுகமும் சேர்க்கப்பட்டது.

(தொடரும்)