கல்லூரியில் முதல் வருடம்

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். சாலைக் கம்போளத்தில் சுமை இறக்குபவரின் மகள் போகிறாள். கரமனையில் இட்லி அவித்து விற்கும் அம்மாவின் மகன் போகிறான். பல வீடுகளில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

சேர்ந்த அன்று வீடே சந்தோஷமாக இருக்கும். இரண்டு மாதம் ஆனதும் சில பிள்ளைகளின் முகம் வாடிவிடும். "எனக்கு இது வேண்டாம் அம்மா. வேலைக்குப் போகிறேன்" என்பார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமும் முடிவு செய்துவிடுகிறோம்.

அவசரப்படக் கூடாது. முதல் வருடம் யாருக்கும் கஷ்டம்தான். அது ஏன் என்று பார்ப்போம்.

என்ன மாறுகிறது?

பள்ளியில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். வீடு தெரியும். வரவில்லை என்றால் கேட்பார். கல்லூரியில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார், போவார். குறிப்பு எடுப்பது, புத்தகம் தேடுவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு.

அடுத்தது மொழி. தமிழிலோ மலையாளத்திலோ படித்து வந்த பிள்ளைக்கு இங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார். நம் பிள்ளை சந்தேகம் கேட்கக் கூச்சப்படும். பேசாமல் இருக்கும். பாடம் புரியாமல் போகும்.

மூன்றாவது, தனிமை. பழைய நண்பர்கள் வேறு வேறு இடம் போய்விட்டார்கள். புதிய நட்பு உண்டாகக் கொஞ்சம் காலம் வேண்டும்.

ஒரு பெரியவரின் கதை

கே.ஆர். நாராயணன் கோட்டயம் பக்கம் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்குத் தினமும் பல கிலோமீட்டர் நடந்தார். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாட்களும் உண்டு. புத்தகம் வாங்கப் பணம் இல்லை. அவருடைய அண்ணன் ஆஸ்துமா நோயாளி. வீட்டிலேயே இருந்தார். அவர் மற்ற பிள்ளைகளின் புத்தகங்களை இரவல் வாங்கி, கையால் எழுதித் தம்பிக்குக் கொடுத்தார்.

அந்தத் தம்பி உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் படித்தார். பிறகு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1943-இல் முதல் இடம் பெற்றார். 1937-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்று கேரளப் பல்கலைக்கழகம். 1997-இல் அவர் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார்.

அண்ணன் பணம் கொடுக்கவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தார். நம்மால் முடிந்தது என்ன?

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

வருகை: 100 வகுப்பு நடந்தால் 75 வகுப்புக்காவது போயிருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு எழுதுவதில் தடை வரும். மாதவிலக்குக் கால விடுப்புக்காக, 2023 முதல் மாணவிகளுக்கு 73 போதும். கடையில் ஆள் இல்லை என்று வாரம் ஒரு நாள் பிள்ளையை நிறுத்துகிறோம் என்று வையுங்கள். ஐந்து நாளில் ஒரு நாள் போனால் மிச்சம் 80 தான். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் 75-க்கும் கீழே போய்விடும்.

பாடமுறை: 2024 முதல் கேரளத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் பட்டம் வாங்கி வெளியே வரலாம். நான்கு வருடமும் படித்தால் ஆனர்ஸ் பட்டம். வருடத்துக்கு இரண்டு செமஸ்டர், அதாவது இரண்டு பருவம். ஒவ்வொன்றின் முடிவிலும் தேர்வு உண்டு. ஒரு பாடத்தில் தோற்றால் எல்லாம் போய்விடாது. அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம்.

பணம்: தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு ஈ-கிராண்ட்ஸ் என்ற அரசு உதவி இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பேங்க் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அக்ஷய மையத்தில் விண்ணப்பிக்க உதவுவார்கள். கடைசித் தேதி தவறக் கூடாது. பஸ்ஸுக்கு மாணவர் கன்செஷன் உண்டு. விலை கூடிய புத்தகங்களை எல்லாம் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி நூலகம் இருக்கிறது. பாளையத்தில் 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகமும் இருக்கிறது.

ராகிங்: மூத்த மாணவர்கள் புதியவர்களை மிரட்டுவதும் துன்புறுத்துவதும் குற்றம். 1998-இல் கேரளம் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். பிள்ளை பயந்து ஒளிந்தால் "பொறுத்துப் போ" என்று சொல்லாதீர்கள். கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுங்கள். 1800-180-5522 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

நம்மால் முடியும்

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன உதவி செய்ய?" என்று பல தாய்மார்கள் எழுத்தறிவு வகுப்பில் கேட்கிறார்கள்.

நீங்கள் முதன்முதலில் பென்சில் பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். விரல் வளையவில்லை. "க" எழுதினால் கோணலாக வந்தது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரோ என்று சிலேட்டைக் கையால் மறைத்தீர்கள். ஆனாலும் மறுநாள் வந்தீர்கள். இன்று இதைப் படிக்கிறீர்கள். முதல் வருடக் கூச்சம் என்ன என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

தினமும் "மார்க் எவ்வளவு?" என்று கேட்க வேண்டாம். "இன்று எது புரியவில்லை? யாரிடம் கேட்டாய்?" என்று கேளுங்கள். புரியாததை ஆசிரியரிடமோ கூடப் படிப்பவரிடமோ கேட்கச் சொல்லுங்கள். தேர்வு நாட்களை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்த நாட்களில் மகளுக்குச் சமையல் வேலை கொடுக்காதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே கைநாட்டு வேண்டாம். உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் தெருவில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் உண்டா? காரணம் என்ன?
2. 80 வகுப்பு நடந்தால், 75 சதவீதத்துக்கு எத்தனை வகுப்புக்குப் போக வேண்டும்?
3. மகன் படிக்கும்போதும் மகள் படிக்கும்போதும் வீட்டு வேலையை ஒரே மாதிரி பிரிக்கிறோமா?