நீருக்குள் நேரம் – 11: ஏரிக்குள் ஒரு மெரினா

போன வாரம் ஃபேவர்-லூபா கம்பெனியின் ஸீ கிங் வாட்ச்சின் டயலில் புதுப் பெயின்ட் வாசனை அடித்ததோடு நிறுத்தியிருந்தேன். மறுபூச்சு டயலைக் கண்டுபிடிக்கும் வழிகளை இந்த வாரம் சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தேன். வழிகள் எங்கேயும் ஓடிவிடாது. நடுவில் கொடைக்கானல் போய் வந்தேன். அங்கே கிடைத்த ஒரு சங்கதியை ஒரு வாரம் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருக்க என்னால் முடியாது.

வத்தலக்குண்டில் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டுப் பையன் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட். டம்டம் பாறை தாண்டும்போது அது கொஞ்சம் பூரித்திருந்தது. ஊத்து வந்தபோது தோல் இழுத்துக் கட்டிய உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. பெருமாள்மலையில் பையன் பொறுமை இழந்து இரண்டு கைகளுக்கு நடுவே வைத்து அமுக்க, 'டப்' என்று வெடித்தது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் முருகனைக் கூப்பிட்டபடி எழுந்தார். "மேல வந்தா பாக்கெட்டுக்கே மூச்சு முட்டுது தம்பி" என்றார் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பாக்கெட் இருந்தது, எஃகில் செய்தது. சீக்கோ 6309. 1976 முதல் 1988 வரை வந்த, 150 மீட்டர் ஆழத்துக்கு உத்தரவாதம் கொடுத்த, தலையணை வடிவ டைவ் வாட்ச். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய எத்தனையோ பேருடைய கையில் கட்டியபடி தமிழ்நாட்டுக்குள் வந்தது. என்னுடையதை நவம்பர் மழையில் சென்னையில் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு, பின்மூடியைத் திருகிக் கொடுத்தார்கள். வேலையில் குறை இல்லை. வாஷர் புதிது, கீ நன்றாக இறுகியது. ஆனால் மூடியபோது உள்ளே மாட்டிக்கொண்டது சென்னையின் நவம்பர் காற்று. அதை நானும் யோசிக்கவில்லை, ரிப்பேர்க்காரரும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை. குளிருக்குப் பயந்து போர்வைக்குள்ளிருந்தே கையை நீட்டி மணி பார்த்தால், மணி தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் மூடுபனி. வெளியே ஜன்னலில் இருந்த அதே பனி, வாட்ச்சுக்குள்ளும். தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு நொடி நின்றது. புகவில்லை. மழைக்காலத்துச் சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். எட்டு டிகிரியில் அதே காற்றால் எட்டு கிராமைத்தான் சுமக்க முடியும். மிச்சத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். இருப்பதிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடி. அந்த ஈரம் கடுகளவுகூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் முள்ளின் முனையில் துரு பிடிக்க அது தாராளம்.

வாட்ச்சை எடுத்துக்கொண்டு செண்பகனூரில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு ஓடினேன். ஓய்வுபெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாட்ச் பைத்தியத்திலும் பத்து வயது மூத்தவர். என் சீக்கோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நோய் இல்லை சார், ஊர் மாறின ஜலதோஷம்" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த இரண்டு வாட்ச்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஃபேவர்-லூபா.

ஸீ கிங் புண்ணியத்தில் அந்தப் பெயர் இந்த வாசகர்களுக்குப் பழக்கம். 1737இல் சுவிட்சர்லாந்தில் வேர் விட்ட கம்பெனி, நம் தாத்தாக்களின் கல்யாண வாட்ச், 2011இல் ஓசூர் டைட்டனின் கைக்கு வந்தது. ஆனால் அதே கம்பெனி அறுபதுகளில் பெற்ற விசித்திரப் பிள்ளைகள் இரண்டு. ஒன்று பைவாக், 1962. காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொன்ன முதல் கைக்கடிகாரம், 3,000 மீட்டர் வரை. இன்னொன்று பாத்தி. தண்ணீரின் அழுத்தத்தை அளந்து ஆழம் சொல்வது. பைவாக்கின் கேஸில் காற்று நுழைய ஒரு துளை. பாத்தியின் பின்பக்கத்தில் தண்ணீர் நுழையத் துளைகள். உள்ளே ஒரு மெல்லிய உலோகச் சவ்வு தண்ணீரின் பாரத்தை வாங்கி முள்ளைத் தள்ளும். ஒருவன் மலையேறி, ஒருவன் முக்குளிப்பவன். தொழில் ஒன்றுதான்: தலைக்கு மேல் எவ்வளவு பாரம் என்று சொல்வது.

பைவாக்கைப் பற்றி நண்பர் ஒரு வேடிக்கை சொன்னார். அவர் வீடு தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறதாம். நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றுக்கும் ஓதம் உண்டு. காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் கூடும், மாலை நாலு மணி வாக்கில் குறையும், இரவில் மறுபடியும் அதே ஆட்டம். உயரமானிக்குக் காற்று லேசானால் மலை உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். "சாயங்காலம் காபி குடிக்கும்போது என் வீடு காலையைவிட இருபது மீட்டர் உசரம் சார். வீட்டு வரியை மட்டும் ஏத்திடாதீங்கன்னு முள்ளைக் கேட்டுக்கறேன்." முள்ளின் தடிமன் அளவுதான் அந்த நகர்வு. அதைப் பார்க்க லென்ஸும் வேண்டும், ஓய்வூதியமும் வேண்டும்.

பிறகுதான் கேட்டார் அந்தக் கேள்வியை. "இந்த பாத்தியை நம்ம ஏரியில இறக்கினா, ரெண்டு மீட்டர் ஆழத்துல என்ன காட்டும்?"

இரண்டு மீட்டர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பிலேயே தப்பு என்று தெரிந்தது.

மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஏரி இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. அதனால்தான் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகாமல் கொடைக்கானல் இல்லத்தரசிகள் குக்கரை நம்பியிருக்கிறார்கள். முக்குளிப்பவர்களின் வாய்ப்பாடு ஒன்று உண்டு: பத்து மீட்டர் தண்ணீர், ஒரு வளிமண்டலப் பாரம். குறைகிற அந்தப் பங்கைத் தண்ணீரால் ஈடுகட்ட எவ்வளவு ஆழம் போக வேண்டும்? 2.3 மீட்டர்.

அதாவது, கடல்மட்டத்துக்கு அளவு வைத்த ஆழமானியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏரியில் இறங்கினால், முதல் 2.3 மீட்டருக்கு அது 'நீ இன்னும் தண்ணீரிலேயே இறங்கவில்லை' என்று சாதிக்கும். ஆறடி ஆள் கையை உயர்த்தி நின்றால் விரல் நுனிவரை மூழ்கும் ஆழம் அது. அங்கே, அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் நிற்கிறவன் பாதத்தின் மேல் இருக்கும் மொத்தப் பாரம், மெரினா மணலில் சுண்டல் தின்கிறவன் மேல் இருக்கும் பாரத்துக்குச் சமம். 1863இல் மதுரை கலெக்டர் வேர் லெவிஞ் ஓடையை மறித்து ஏரி கட்டியபோது, அதற்குள் ஒரு மெரினாவையும் மூழ்கடித்து வைத்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஊர் திரும்பியதிலிருந்து இதைக் காய்கறிக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் மூன்றாம் தடவைக்கு மேல் கேட்க மறுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

இறக்கிப் பார்த்தோமா? இல்லை. ஐம்பது வயது தாண்டிய வாஷரை நம்பித் தண்ணீரில் விடுகிறவன் வாட்ச் சேகரிக்கிறவன் இல்லை, வாட்ச் தொலைக்கிறவன்.

இதை வைத்துக்கொண்டு யோசித்தால் டைவ் வாட்ச் சரித்திரத்தின் ஒரு பெரிய கலவரம் புரிகிறது. அறுபதுகளில் கடலடியில் நாள் கணக்கில் தங்கி வேலை செய்யும் முறை வந்தது. அந்த முக்குளிப்பாளர்கள் தங்கும் கூண்டுக்குள் ஹீலியம் கலந்த காற்று. ஹீலியம் பொடிசு; தண்ணீரை உள்ளே விடாத வாஷர் அதற்குத் திறந்த வாசல். நாள் கணக்கில் மெல்ல மெல்ல வாட்ச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே வரும்போது கூண்டின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். உள்ளே போன ஹீலியத்துக்கு அவ்வளவு சீக்கிரம் வெளியேறத் தெரியாது. 'டப்.' கண்ணாடி கழன்று பறக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் கடலை வெளியே நிறுத்திய வாட்ச், சிப்ஸ் பாக்கெட் மாதிரி உள்ளிருந்து தோற்றது.

இதற்கு ரோலக்ஸ் கண்ட வழி, வாட்ச்சின் விலாவில் ஒரு வால்வு: உள்ளே போனதை வெளியே விடு. காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1967இல். ஜப்பானில் 1968இல், ஹிரோஷிமா பக்கத்து முக்குளிப்பாளர் ஒருவர் உங்கள் வாட்ச் எங்கள் வேலையைத் தாங்கவில்லை என்று சீக்கோவுக்குக் கடிதம் போட்டார். கம்பெனி அதைக் குப்பையில் போடாமல் ஏழு வருடம் உழைத்தது. 1975இல் டைட்டானியத்தில், பின்மூடியே இல்லாத ஒற்றைத் துண்டுக் கேஸுடன் 600 மீட்டர் வாட்ச் வந்தது. அதன் வாஷரின் குறுக்குவெட்டு 'எல்' வடிவம். அவர்கள் வழி நேர் எதிர்: உள்ளேயே விடாதே.

என்னுடைய 6309க்கு இத்தனை ராஜ வைத்தியம் தேவைப்படவில்லை. ஜனவரி வெயில் நன்றாக ஏறிய மதியத்தில் நண்பர் பின்மூடியைத் திறந்தார். மேசை விளக்கின் சூட்டில் அரை மணி நேரம் காயவிட்டார். சென்னை நவம்பர் வெளியே போனது. முள் முனையில் ஊசிப் புள்ளியாக ஒரு துரு. "அது இருக்கட்டும், உங்க பாடம்" என்றார். வாஷருக்கு சிலிக்கோன் தடவி, அந்த ஊர்க் காற்றிலேயே மூடிக் கொடுத்தார்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் டயலைப் பார்க்கிறோம், முள்ளைப் பார்க்கிறோம், பின்மூடி எண்ணைப் பார்க்கிறோம். கடைசியாக அதை எந்த ஊரில், எந்த மாதத்தில் மூடினார்கள் என்று இதுவரை நான் யாரையும் கேட்டதில்லை. இனி கேட்பேன்.

சென்னைக்குத் திரும்பியாயிற்று. இதை எழுதும் மேசையில்தான் வாட்ச் இருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. உள்ளே இருப்பது கொடைக்கானலின் லேசான காற்று, வெளியே அழுத்துவது சென்னையின் கனத்த காற்று. அதன் கணக்கில், வாஷர் தாங்கும்வரை, இந்த மேசையின் மேலேயே அது 2.3 மீட்டர் ஆழத்தில் முங்கிக் கிடக்கிறது.

அடுத்த வாரம் மறுபூச்சு டயல், கட்டாயம். கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் ஷெல்டன் செய்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்டுலக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து, மலையேறினால் பெண்டுலம் தாமதிக்கும் என்ற பேச்சை நண்பர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தார். நல்லவேளை, பஸ் கிளம்பிவிட்டது.

(தொடரும்)