மனை வாங்குமுன் ஏரியைக் கேளுங்கள்

'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்று ஒரு படிப்பு இருக்கிறது. என் நாத்தனார் பெண் அதைத்தான் படிக்கிறாள். கட்டடக் கலையை அஞ்சு வருஷம் படித்து முடித்துவிட்டு, அதற்கு மேல் இது ரெண்டு வருஷம். "தோட்டம் போடறதுக்கா இத்தனை வருஷ காலேஜு?" என்று என் மாமியார் கேட்டேவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "தோட்டம் இல்ல ஆயா. மழைத் தண்ணி எங்க ஓடணும், எங்க நிக்கணும், எங்க வீடு கட்டலாம், எங்க கட்டக் கூடாது, எந்த மரம் எங்க நிக்கணும்னு நிலத்தைப் பார்த்துச் சொல்ற படிப்பு" என்றாள். மாமியார் சும்மா இருப்பாரா? "அதைத்தான் எங்க ஊரு நீர்க்கட்டி படிக்காமலே சொல்லிட்டு இருந்தாரே!" என்றார்.

உண்மைதான். ஏரி மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்தான் நீர்க்கட்டி. எங்கள் செங்கல்பட்டை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வது வெறும் பெருமைக்காக இல்லை. அரசின் நீர்வளத் துறைக் கணக்கில் மட்டும் இந்த மாவட்டத்தில் 528 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சிகளிடம் இருக்கிற சின்ன ஏரிகளும் குளங்களும் இதில் சேராது. ஊர்ப் பெயர்களையே பாருங்களேன், எத்தனை 'தாங்கல்'! தண்ணீரைத் தாங்குவதால் தாங்கல். சின்ன ஏரிக்கு அதுதான் பெயர். ரயிலில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் செங்கல்பட்டு நெருங்கும்போது கடல் மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கொளவாய் ஏரி, 2,000 ஏக்கருக்கு மேல். ஊர்ச் சாக்கடையை அதில் விட்டுக் கெடுத்தது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

இங்கே பெரிய நதி கிடையாது. பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. வருஷத்துக்கு சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை; அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ரெண்டு மாசத் தண்ணீரை மற்ற பத்து மாசத்துக்கு வைத்துக்கொள்ள முன்னோர்கள் செய்த ஏற்பாடுதான் ஏரி. அதுவும் தனித்தனி ஏரி இல்லை, சங்கிலி. மேட்டில் இருக்கிற ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. நாம் இட்லிப் பானையில் தட்டு அடுக்குகிற மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்று. நடுவில் ஒரு வாய்க்காலை அடைத்துவிட்டால் கீழ் ஏரி காயும், மேல் ஏரி ஊருக்குள் புகும்.

இதைக் கவனிக்க ஆட்களும் இருந்தார்கள். பக்கத்து உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921. அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு, தோட்ட வாரியம் என்று இன்னொரு குழு. குடவோலை போட்டு ஆள் எடுத்திருக்கிறார்கள். நாத்தனார் பெண் படிப்பது ஏறக்குறைய இந்த ரெண்டு வாரியத்தின் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன, அந்த வாரியங்களில் பெண்களுக்கு இடம் கிடையாது. குடம் தூக்கியது மட்டும் நாம்!

இதெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? என் மகளுக்கு மனை பார்த்த கதையைக் கேளுங்கள்.

மகளுக்குக் கைக்குழந்தை. வாடகை வீட்டில் மேற்கு வெயில் சுவரில் அடித்து, ராத்திரி பத்து மணிக்கும் அறை அடுப்பு மாதிரி இருக்கும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மாப்பிள்ளை ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு மனை பார்த்துவிட்டு வந்தார். வண்ணக் கொடி கட்டி, முகப்பில் வளைவு வைத்து, தார் ரோடு போட்டு அழகாகத்தான் இருந்தது. பக்கத்து மனைகளைவிட விலையும் குறைவு. "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு அத்தை, இந்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்றார்.

நாத்தனார் பெண் அன்று எங்களுடன் வந்திருந்தாள். மனையைப் பார்க்காமல் தூரத்தில் இருந்த கரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஓர் ஏரிக்கரை. கரையின் கோடியில் கருங்கல்லால் கட்டின கலங்கல். அதிலிருந்து விரல் வைத்து இழுத்த மாதிரி ஒரு பள்ளம் கோரைப் புல்லோடு வந்து, புதுத் தார் ரோட்டில் முட்டி நின்றது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளமே இல்லை. செம்மண் கொட்டி மேவியிருந்தார்கள். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கேட்டேன். "கார்த்திகையில வந்து பாருங்கம்மா, இடுப்பளவு ஓடும்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்தம்மா சொல்றதை வெச்சு முடிவு பண்ண முடியுமா அத்தை? பத்திரம் பட்டா எல்லாம் சரியா இருக்கு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பட்டா யாருடைய மனை என்பதைச் சொல்லும். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அது சொல்லாது. அதற்கு வேறு காகிதங்கள் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, ஏரியா, வாய்க்கால் புறம்போக்கா என்று அதில் எழுதியிருக்கும். கிராம வரைபடத்தில் வாய்க்கால் கோடாகவே வரைந்திருக்கும். மூன்று நாள் அலைந்து பார்த்ததில், எங்கள் மனைக்கு ரெண்டு மனை தள்ளி வாய்க்கால் கோடு போயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கினதை டி.வி.யில் பார்த்தோமே, மறந்திருக்க முடியாது. அடையாறு பெருகுவதே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரில்தான். அது போகிற வழியில்தான் வீடுகள். நாலே வருஷம் கழித்து, 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு நின்றோம். மூழ்கியதும் தவித்ததும் ஒரே ஊர்!

கடைசியில் மாப்பிள்ளை அந்த மனையை விட்டுவிட்டார். இப்போது வாங்கியிருப்பது இன்னும் உள்ளே, மேட்டில், சின்ன மனை. ஆபீஸ் போக அவருக்கு முக்கால் மணி நேரம் கூடுதல். அந்த வருத்தம் அவருக்கு இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். மகளும் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் பிறந்த வீட்டு விஷயம் வேறு மாதிரி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரக் கிராமம். நான் பாவாடை கட்டின காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு பஞ்சாக வேகும். கடலுக்கு இவ்வளவு கிட்டே எப்படி நல்ல தண்ணீர்? மணல் மேடு மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். சாம்பார் மேல் நெய் நிற்கிற மாதிரி நல்லது மேலே மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் அதன் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்காம். இதைத் திருப்பிப் பாருங்கள், வயிறு கலங்கும்: மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால், கீழிருந்து 40 அடி உப்பு ஏறும்! கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக எத்தனை ஆழ்குழாய் என்று எண்ண முடியாது. கடல் தெரிய வேண்டும் என்று மணல் மேட்டையே தட்டிச் சமம் செய்த இடங்களும் உண்டு. அம்மா இன்று கேன் தண்ணீர் வாங்குகிறாள். பக்கத்து நெம்மேலியிலே 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளைக்கு 10 கோடி லிட்டர்; 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அந்தத் தண்ணீர் போவது சென்னைக்கு.

மணல் மேட்டைக் காப்பது எது தெரியுமா? அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். ஊதாப் பூ பூக்கும் அந்தக் கொடியைக் குப்பை என்று பிடுங்கிவிட்டுப் புல்தரை போடுகிறார்கள். அடம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். அது மணலைப் பிடித்துப் பிடித்து மேடாக்கும். அதற்குப் பின்னால் தாழை, புன்னை, பூவரசு, பனை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கத்து நாலுவேதபதி கிராமத்தைக் காத்தது, அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் ஊரே கூடி ஒரே நாளில் நட்ட 80,244 கன்றுகள்; பெரும்பாலும் சவுக்கு. ஆனால் சவுக்கையே அலையடி வரை நட்டால், தை மாசியில் முட்டையிட வரும் ஆமைக்கு மணல் கிடைக்காது. ஒன்றை ஒழுங்காகச் செய்ய இத்தனை யோசிக்க வேண்டியிருக்கிறது!

சீனாவிலும் இதே யோசனைதான். 2025-ல் காலமான யூ கொங்ஜியான் என்ற நிபுணர், நகரம் பஞ்சு மாதிரி மழையை உறிஞ்ச வேண்டும் என்று சொல்லி, குளமும் சதுப்பும் வைத்த பூங்காக்களை ஊர் ஊராக அமைத்தார். எங்கள் நாத்தனார் பெண்ணின் பாடத்தில் அவர் பெயர் வருகிறதாம். மாமியாரிடம் சொன்னேன். "அவரு நம்ம ஏரியைப் பார்த்திருக்காரா?" என்றார்.

மகள் வீட்டு வேலை நடக்கிறது. வாசலுக்கு சிமெண்ட் போடக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதம். மண் தரையில் சாணி தெளித்தால் சாயங்காலம் குளிர்ச்சி. சிமெண்ட் தரை ராத்திரி வரை அனலடிக்கும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு வருஷம் விழும் மழை ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் சட்டம்தான். குழியை வெட்டிவிட்டுத் தூர் எடுக்காமல் விட்டால் சட்டம் என்ன செய்யும்? ஆடி முடிவதற்குள் கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மேற்கே வேம்பு ஒன்று, சுவருக்குப் பதினைந்து அடி தள்ளி. பூக்கிறது என்பதற்காகக் குல்மோஹர் வேண்டாம். 2016 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் அந்த மாதிரி வெளிநாட்டு மரங்கள் எத்தனை சாய்ந்தன!

வேலி ஓரம் பனை. மாப்பிள்ளை சிரிக்கிறார், "நம்ம பேரன்தான் நுங்கு சாப்பிடுவான்" என்று. சாப்பிடட்டுமே. பனை நம் மாநில மரம். 2021 முதல் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது. ஆவணியில் பழம் விழும்போது கொட்டை பொறுக்கி வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் போதும். முதலில் கீழே வேர்தான் போகும், மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டும் என்று குழந்தைகள் தோண்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.