கடலோரத்தில் சைக்கிள் வீல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டபோது, எல்லோரும் மேலெழும்பும் தூக்குப் பகுதியைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அதே பாலத்தில் கண்ணுக்குப் படாத வேலை ஒன்றும் நடந்திருக்கிறது. கான்கிரீட்டுக்குள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. எல்லாம் உப்புக்காற்றுக்குப் பயந்துதான். உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் சோதனைக் களம் வைத்திருந்ததும் இந்தக் காற்றுக்காகவே.

ரயில்வே இத்தனை யோசிக்கிற ஊரில், சைக்கிளுக்கு வீல் வாங்கப்போகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "கடைசியா எவ்வளவு?"

உப்பு வேலை செய்ய மழை வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தொட்டாலே சமையல் உப்பு கசிந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் ஈரமாகும். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ திண்ணையில் நிறுத்திய சைக்கிளில் ராத்திரி முழுக்க உப்புநீர் பூசியது மாதிரிதான். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை வந்தபின், மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்குகளில் தனுஷ்கோடிக்குப் போகிறவர்களையும் பார்க்கிறோம். அங்கே இருபுறமும் கடல், சாலையில் மணல். உப்பும் மணலும் சேர்ந்து தாக்குகின்றன.

வீல் முதலில் கைவிடும் இடம் ஸ்போக்ஸ் கம்பி. அதுவும் ஹப்பின் ஓட்டைக்குள் வளைந்து நுழையும் முழங்கையில். அங்கே துரு ஒரு சிறு குழி போட்டால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, ஒரு நாள் பட்டென்று அறும். ஒரு கம்பி போனால் ரிம் கோணும், பிரேக் கட்டையில் உரசும், அடுத்த கம்பிக்குப் பாரம் ஏறும். பாம்பன் சாலைப் பாலத்தில் குறுக்குக் காற்றில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது அபாயம் அதிகம் பேசப்படாதது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் பிரேக் சரியாகப் பிடிக்காது. சைக்கிள் நிற்கும் தூரம் வெகுவாகக் கூடிவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் தீர்ப்பு இது: இந்தக் கரைக்கு எடை குறைந்த வீல் வேண்டாம், உப்பைத் தாங்குகிற வீல் வேண்டும். 2 மில்லிமீட்டர் தடிமனில் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ், 32 அல்லது 36 கம்பி, இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், ரப்பர் மூடி போட்ட பேரிங். நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். பார்வைக்கு அழகான வண்ண அலுமினிய நிப்பிள் உப்பு ஈரத்தில் எஃகுக் கம்பியோடு சேரும்போது, அலுமினியம்தான் அரித்துப்போகும். பிறகு பெண்டு எடுக்கப் போனால் நிப்பிள் திரும்பாது, உடைந்து கையோடு வரும். ஃபிரேமில் இடமிருந்தால் 28க்குப் பதில் 32 மில்லிமீட்டர் டயர் போடலாம். மணலிலும் பாலத்து இணைப்புகளிலும் வீலுக்கு விழும் அடி குறையும். கார்பன் வீல் பந்தயக்காரர்களுக்கு. நம் சாலைக்கு அந்தப் பணம் வீண்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து ஸ்டெயின்லெஸ்ஸா என்று கண்டுபிடிக்கலாம் என்பார்கள். முழுக்க நம்ப வேண்டாம். நல்ல ஸ்டெயின்லெஸ் எஃகைக்கூடக் கம்பியாக இழுக்கும்போது கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். அந்த எஃகிலும் உப்பால் பழுப்புப் படியத்தான் செய்யும். ஆனால் துத்தநாகம் பூசிய கம்பியைவிடப் பல மடங்கு நிற்கும்.

மீன் கூடையோ தண்ணீர்க் குடமோ ஏற்றும் பழைய பாணி சைக்கிள்காரர்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு. அவர்கள் வீலும் 28 இஞ்ச், ரோடு பைக் வீலும் 28 இஞ்ச் என்றே கடையில் சொல்வார்கள். முன்னதன் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னதற்கு 622. மாற்றிப் போட்டால் சேராது, ஓட்டத்தில் கழன்றும் போகலாம். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள்.

கழுவுவதிலும் ஒரு சூது இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பு. அதை ஊற்றிக் கழுவினால் உப்பை மாற்றி உப்பைப் பூசுவதுதான். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீர் அதைவிட மோசம். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே போதும், குடம் குடமாக வேண்டாம். துடைக்கும்போதே பாருங்கள், ரிம்மின் பக்கச்சுவரில் தேய்மானக் கோடு மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றிவிடுங்கள். மெலிந்த சுவர் டயர் காற்றின் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

இனி உரிமை. பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் துருவுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். அதைக் காட்டியே கடைக்காரர் அனுப்பிவிடுவார். இதற்குத்தான் பில்லில் "ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ், பித்தளை நிப்பிள்" என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடு. பேச்சு அப்போது துருவைப் பற்றியதாக இருக்காது, சொன்னதை விற்காததைப் பற்றியதாக இருக்கும். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் இதே சட்டத்தில் முறையற்ற வணிகம். திரும்ப எடுப்பதற்கான காலக்கெடு பில்லில் இல்லையென்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற முத்திரை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

சைக்கிளில் மீன் விற்கிறவர் "நான் வியாபாரத்துக்கு வாங்கினேன், எனக்கு உரிமை இல்லை" என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான். வீலின் குறையால் விழுந்து அடிபட்டால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பள்ளியில் கிடைத்த விலையில்லா சைக்கிள் கதை வேறு. விலை கொடுக்காததால் நுகர்வோர் சட்டம் நேராகப் பொருந்தாது. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். நகராவிட்டால் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், அல்லது முதல்வரின் உதவி எண் 1100.

மற்றவர்கள் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீலைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு. அறுந்த கம்பியைப் படம் எடுத்த கையோடு காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்றால், ஆணையம் அந்தக் கம்பியையே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.