சொந்தக் கையால் ஒரு கொட்டகை – 4: பால் மரம் தூணாகுமா?

காடிக் கொட்டகைக்கு இடம் பார்த்து, மாநகர் மன்றத்துக்கு மனுப் போடுவது வரை சென்ற வாரம் பேசினோம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதி கைக்கு வரும்வரை ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் மரம். பேராவில் இருப்பவர்களுக்கு இயல்பாக ஒரு யோசனை வரும். பழைய தோட்டங்களில் வயதான ரப்பர் மரங்களைச் சாய்த்து லாரி லாரியாக ஏற்றுகிறார்களே, அதில் ஆறு கட்டை வாங்கித் தூணாக நட்டால் என்ன?

நடாதீர்கள். பால் மரத்தின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததே அந்த மரத்துக்காகத்தான். ஆனால் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் ஓய்ந்து வெட்டுப்படும் அந்தக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைத்துப் பொடியாக்கும். அதனால்தான் ஆலைகளில் உடனே அறுத்து, அழுத்தக் கலனில் போரான் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அப்படிப் பதப்படுத்திய பலகை மேசை நாற்காலியாக ஊர் ஊராகப் போகிறது. வீட்டுக்குள் அது அருமையான மரம். வெளியில் வைத்தால் மழைநீர் போரானைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கறையானோ கேட்கவே வேண்டாம்: கோப்டோடெர்மிஸ் கர்விக்நாத்தஸ் என்ற இனம் உயிரோடு நிற்கும் ரப்பர் மரத்தையே தின்னும்.

தூணுக்குச் செங்கால் மரம்தான் முதல் தரம். கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் கனம், மருந்தே இல்லாமல் பூச்சியைத் தாங்கும் வைரம். அப்படியே ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். முதலில் துளை போட வேண்டும். புதுக்கட்டை விலை கையைச் சுடும் என்பதால், பழைய வீடுகளைப் பிரித்த இடங்களில் கிடைக்கும் செங்காலைத் தேடுங்கள். அதுவும் அமையாவிட்டால் மருந்தேற்றிய கெம்பாஸ் போதும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து உழைத்த மரம் அது. மழை படாத கைமரங்களுக்கு மெராந்தி தாராளம்.

இரும்புக் குழாயில் ஒரே நாளில் போட்டுத் தருவார்களே, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. எனக்கு இதில் வேறொரு ஆசை இருக்கிறது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி சேர்க்கச் சொன்னது அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான். அந்த வழியில் வந்தவர்கள் சொந்த மண்ணில் தங்கள் கையாலேயே ஒரு தூணாவது நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். மற்ற வேலைக்கு ஆள் வைத்தாலும் இதற்கு வைக்காதீர்கள்.

அளவு 12க்கு 16 அடி. மைவி காடியின் நீளம் 13 அடிக்குள்தான். சுற்றி நடக்கவும் இடம் மிஞ்சும். இந்த அளவில் இன்னொரு வசதி உண்டு: மூலைக்கு மூலை நூல் பிடித்தால் சரியாக 20 அடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 20 அடி என்றால் நான்கு மூலையும் மட்டம். வேறு கருவி தேவையில்லை.

நீண்ட பக்கத்துக்கு மூன்றாக, எட்டடி இடைவெளியில் மொத்தம் ஆறு தூண். கால் மண்ணுக்குள் போகவே கூடாது. மலாய்க் கம்பத்து வீடுகளில் தூணைக் கல்லின்மேல்தான் நிறுத்தினார்கள். நாம் தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குச் சிமெண்டுக் கட்டை எழுப்பி, அதில் பதித்த நாகமுலாம் இரும்புத் தகட்டில் தூணை நிறுத்தி போல்ட் போட்டு முடுக்குவோம். மரத்துக்கு ஈரம் ஏறாது. கறையான் ஏறினாலும் அதன் மண்குழாய் வெள்ளைச் சிமெண்டின்மேல் கண்ணுக்குத் தெரியும். போல்டை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: தகரக் கூரை லேசானது, புயல்காற்று அதைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்கவே பார்க்கும்.

கடைசியாகச் சாய்வுத் தாங்கு. தூணும் உத்திரமும் சேர்ந்த நாற்சதுரம் எவ்வளவு முடுக்கினாலும் பக்கவாட்டில் சாயும், முக்கோணம் சாயாது. பின்பக்கத்திலும் இரு பக்கச் சுவர்களிலும் மூலைவிட்டமாகச் சட்டம் அடித்துவிடலாம். முன்பக்கம் காடி நுழைய வேண்டும், அங்கே முழுச் சட்டம் முடியாது. இரு மூலைகளிலும் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே 45 பாகையில் இரண்டடித் தாங்குக் கட்டை வைத்து போல்ட் போடுங்கள். ஆசைப்பட்டால் கழுந்தும் துளையுமாகவே பொருத்தலாம். கோலகங்சாரின் இஸ்தானா கெனாங்கானை 1926இல் இரும்பு ஆணியே இல்லாமல் எழுப்பினார்கள். பொறுமை இருப்பவர்கள் ஒரு மூலையிலாவது செய்து பாருங்கள்.

தாங்கு ஏறும்வரை எல்லாத் தூணுக்கும் முட்டுக் கொடுத்து வையுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு பக்கம் உயர்த்தி மறுபக்கம் தாழ்த்தி கைமரம் ஏற்றுவதும், தகரம் வேய்வதும் அடுத்த வாரம்.